பாளையங்கோட்டை மாடி அறைக்கு எந்தப் படம்?

எங்கள் சினிமா வட்டத்தில் ஒன்று மட்டும் முடிவாகிவிட்டது. அடுத்த திரையிடல் ஓர் அறிவியல் புனைவுப் படம், அதுவும் கடைசியில் விடையைக் கையில் கொடுக்காத வகை. எந்தப் படம் என்பதில்தான் இழுபறி. இடம், பாளையங்கோட்டையில் ஒரு டுடோரியலின் மாடி அறை. ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி போடலாம். வாடகை புரொஜெக்டர், வெள்ளையடித்த சுவர், இரண்டு ஸ்பீக்கர். வருகிறவர்களோ பல தினுசு. கல்லூரிப் பிள்ளைகள், பள்ளிக்கூட வாத்தியார்கள், மகேந்திரகிரி ராக்கெட் எஞ்சின் சோதனை மையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணாச்சி, பேரனுக்குத் துணையாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்ளும் ஓர் ஆச்சி, வண்ணார்பேட்டையில் கடையைச் சாத்திவிட்டு ஓடிவருகிற ஒன்றிரண்டு பேர். இந்த அறைக்கு எது சரிப்படும் என்பதுதான் கேள்வி. உலகத்திலேயே சிறந்த படம் எது என்கிற சண்டையை வேறு ஆட்கள் போட்டுக்கொள்ளட்டும்.

பட்டியலில் நிற்பவை: ஸ்டான்லி கூப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968), ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' (1972), அவருடைய 'ஸ்டாக்கர்' (1979), டெனி வில்னெவின் 'அரைவல்' (2016), அலெக்ஸ் கார்லண்டின் 'அனிஹிலேஷன்' (2018), கிறிஸ் மார்க்கரின் 28 நிமிடக் குறும்படம் 'லா ஜெதே' (1962). ஜோனதன் கிளேசரின் 'அண்டர் த ஸ்கின்' (2013) படமும் முதலில் இருந்தது. குடும்பத்தோடு வருகிறவர்கள் இருக்கும் அறையில் அதைப் போட்டால் படத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், போட்டவனைப் பற்றித்தான் பேசுவார்கள். எடுத்துவிட்டோம்.

இந்த மாதிரிப் படம் போட்டால் அறை இரண்டாகப் பிரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். லைட்டைப் போட்டதும் பாதிப் பேர் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டே "என்னவே இது, முடிஞ்சிட்டா?" என்பார்கள். "நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று முதல் பாதியில் ஒருவர் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சில் எனக்குத் துளிக்கூட நம்பிக்கை இல்லை. 'மாநாடு' (2021) ஒரே நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டியது. டவுனில் யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. 'இன்று நேற்று நாளை' (2015) காலத்தை முன்னும் பின்னும் இழுத்தபோது முறுக்கைத் தின்றபடி கூடவே போனார்கள். 1963-லேயே வேற்றுக்கிரகத்து ஆள் வந்து பாட்டுக்காரியைத் தூக்கிக்கொண்டு போன 'கலை அரசி'யைப் பார்த்த பரம்பரை நாம். கதை எத்தனை முடிச்சு போட்டாலும் நமக்குச் சிரமமில்லை.

பிறகு எதற்குக் கோபம்? ஒன்றைத் தருவதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய் வேறொன்றைக் கையில் வைத்தார்களே என்ற கோபம்தான். அது நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம், படம் வெளியான முதல் நாளிலேயே தியேட்டருக்கு வந்தவர்களிடம் அட்டை கொடுத்து ஏ முதல் எஃப் வரை தரம் போடச் சொல்கிறது. ஸ்டீவன் சோடர்பெர்க் 2002-இல் மறுபடி எடுத்த 'சோலாரிஸ்' அங்கே வாங்கியது எஃப். 'அனிஹிலேஷன்' வாங்கியது சி. இரண்டுக்கும் விமர்சகர்கள் பக்கத்தில் நல்ல பேர். ஜார்ஜ் க்ளூனியின் முகத்தை நம்பி டிக்கெட் எடுத்தவருக்கு, செத்துப்போன மனைவியை நினைத்து உருகும் மெதுவான படம் கிடைத்தால் அட்டையில் வேறு என்ன போடுவார்?

படைத்தவர்களுக்குள்ளும் இதே பிளவுதான். தார்க்கோவ்ஸ்கிக்கு '2001' பிடிக்கவில்லை. உயிரற்ற படம் என்று நினைத்தார். அவர் எடுத்த 'சோலாரிஸ்', மூலநாவலை எழுதிய போலந்துக்காரர் ஸ்தனிஸ்லாவ் லெமுக்குப் பிடிக்கவில்லை. என் நாவலை எடுக்கச் சொன்னால் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' எடுத்துவைத்திருக்கிறாரே என்ற மாதிரிக் கசந்துகொண்டார். ஆகவே பிடிக்காதவர்களை ரசனை கெட்டவர்கள் என்று ஒதுக்க முடியாது. அந்த வரிசையில் பெரிய பெரிய ஆட்கள் நிற்கிறார்கள்.

இதனால் நான் ஒரே ஓர் அளவுகோலைத்தான் வைத்துக்கொண்டேன்: விடை கிடைக்காமல் எழுந்து போகிறவர் கையில் வேறு என்ன இருக்கும்? ரசித்தவரைப் பற்றிக் கவலை இல்லை, அவர் எந்தப் படத்திலும் எதையாவது கண்டுபிடித்துக்கொள்வார்.

'2001'-க்குத்தான் வட்டத்தில் ஓட்டு அதிகம். நியாயம்தான். பணகுடிப் பக்கம் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினை எரித்துச் சோதிக்கிறார்கள். குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. ராக்கெட் நம் பக்கத்தில் வீட்டு விஷயம். விண்வெளியில் சத்தம் கிடையாது என்பதை மதித்து, மூச்சு வாங்கும் ஒலியை மட்டும் ஓடவிட்ட படத்தை இங்கே போடாமல் எங்கே போடுவது?

ஓய்வுபெற்ற அண்ணாச்சிக்கு அதை ஏற்கெனவே வீட்டில் போட்டுக் காட்டியிருந்தேன். வால்ட்ஸ் இசை ஓட, விண்கலம் சுழலும் நிலையத்தோடு போய் மெல்லப் பொருந்தும் காட்சியில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ஹால் என்னும் கணினி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசுகிற இருவரின் உதட்டசைவைப் படித்துவிடுகிற இடத்தில் "அடப்பாவி" என்றார். கடைசி இருபது நிமிடத்துக்கும் மேலாக ஒரு சொல் பேச்சில்லாமல் ஒளி வெள்ளம், வெள்ளை அறை, கிழவன், கறுப்புக் கல், குழந்தை என்று போனது. அண்ணாச்சி பின்னால் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார். முடிந்ததும் சொன்னார்: "எஞ்சின் ஒண்ணு சோதனையில கெட்டுப்போச்சுன்னா, ஏன் கெட்டுதுன்னு எழுதிக் குடுக்காம நாங்க வீட்டுக்குப் போவ முடியாதுவே. இவன் ஒண்ணுமே எழுதிக் குடுக்காம வீட்டுக்குப் போயிட்டானே!"

இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். முப்பது வருஷம் ஒரு திருகு தளர்ந்ததற்கும் காரணம் தேடியவர், அதே கண்டிப்பைக் கூப்ரிக்கிடமும் எதிர்பார்க்கிறார். அதுவும் அந்தப் படம் முதல் இரண்டு மணி நேரம் அப்படிப்பட்டவருக்காகவே எடுத்த மாதிரி ஒவ்வொரு கருவியையும் அக்கறையாகக் காட்டிவிட்டுக் கடைசியில் கைவிடுகிறது.

காரணம் இருக்கத்தான் செய்கிறது, படத்துக்கு வெளியே. கூப்ரிக்கோடு சேர்ந்து கதையை உருவாக்கிய ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் குடியிருந்தவர்; நமக்குக் கடல் தாண்டினால் அவர் ஊர். அவர் எழுதிய நாவலில் அந்த வெள்ளை அறை எதற்கு, யார் ஏற்பாடு என்பதெல்லாம் வரிசையாக வருகிறது. கூப்ரிக் அந்த விளக்கங்களைத் திரையில் வேண்டுமென்றே தவிர்த்தார். படம் முழுக்கப் புரிந்துவிட்டது என்றால் நாங்கள் தோற்றுவிட்டோம் என்ற பொருள்பட கிளார்க்கே பேசியதும் உண்டு. நாவலின் கதையைச் சொன்னதும் அண்ணாச்சி சமாதானமானார். படத்தைவிடப் புத்தகம் மேல் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். 1968-இல் முதல் திரையிடல்களிலேயே பலர் பாதியில் எழுந்து போனார்கள். கூப்ரிக் சில நாட்களுக்குள் சுமார் 19 நிமிடத்தை வெட்டி எடுத்தார். பிறகு இளவட்டங்கள் திரண்டு வந்து படத்தைத் தூக்கிவிட்டார்கள். 2022-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் உலக இயக்குநர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் முதலிடம் இதற்குத்தான்.

இத்தனை இருந்தும் என் ஓட்டு இதற்கில்லை. தடை எங்கள் சுவர். 70 மி.மீ. அகலத் திரைக்கென்று எடுத்த படம் இது. விடை கிடைக்காதவருக்கு ஈடாக அது தருவது பிரம்மாண்டம் ஒன்றைத்தான். வாடகை புரொஜெக்டரில் கறுப்பு என்பது கறுப்பாக வராது, சாம்பலாக வரும். சன்னல் வழியே தெருவிளக்கு வேறு கசியும். அந்தச் சாம்பல் விண்வெளியில் ஒரு பேனா மிதப்பதைப் பார்த்து யாருக்கும் வாய் பிளக்காது. பிரம்மாண்டத்தையும் கழித்துவிட்டால் அண்ணாச்சி மாதிரி ஆட்கள் வெறுங்கையோடுதான் போக வேண்டும். நல்ல பெரிய தியேட்டரில் எப்போதாவது மறுவெளியீடு வந்தால் வேன் பிடித்தாவது கூட்டமாகப் போய்விட்டு வரலாம்.

'அரைவல்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெட் சியாங்கின் குறுநாவலிலிருந்து எடுத்த 116 நிமிடப் படம். வந்திறங்கிய வேற்றுக்கிரகத்தாரின் வட்ட வட்ட எழுத்தை ஒரு மொழியியல் பேராசிரியை படித்தறியப் பார்க்கிறாள். எல்லோருக்கும் பிடிக்கும், கண்ணீர் வரும், நல்ல பேச்சும் நடக்கும். ஆனால் அது விடை சொல்லிவிடுகிற படம். முதலில் பார்த்ததன் பொருள் கடைசியில் திறந்துகொள்கிறது, பெட்டி மூடிவிடுகிறது. சீனத் தளபதிக்கு ஒரு போன் போட்டு உலகத்தைக் காப்பாற்றிவிடுவதா என்று முணுமுணுக்கிறவர்கள் உண்டு, நானும் அதில் ஒருத்தன். எங்கள் திரையிடலின் நோக்கம் வேறாக இருந்தால், முதன்முதலாக ஆட்களைக் கூட்டுகிற வட்டமாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு இதைப் போடச் சொல்வேன்.

'அனிஹிலேஷன்' கல்லூரிப் பிள்ளைகளின் வேட்பாளர். ஒளிர்கிற ஒரு திரைக்குள் சதுப்புநிலக் காடு. உள்ளே போகிற உயிர்களின் மரபணுவெல்லாம் ஒன்றோடொன்று கலந்து உருமாறுகின்றன. முன்னோட்டக் காட்சியில் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றதும் பாரமவுண்ட் பயந்துபோய், அமெரிக்கா, கனடா, சீனா தவிர்த்த நாடுகளுக்கான உரிமையை நெட்ஃப்ளிக்ஸுக்குக் கொடுத்துவிட்டது. அதனால் நம் தியேட்டர்களுக்கு அது வரவே இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் அதைப் பார்த்தது போனில், போர்வைக்குள். கலங்கரை விளக்கத்தில் ஒருத்தியும் அவளைப் போலவே அசைகிற உருவமும் பேச்சில்லாமல் மோதிக்கொள்ளும் கடைசிப் பகுதி பெரிய திரைக்கென்றே பிறந்தது. விடை பிடிக்காதவருக்குக் கையில் மிஞ்சுவது பயம், அதுவும் கெட்டியான பயம்: செத்துப்போன பெண்ணின் அலறலைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு கத்தும் ஒரு கரடி. என் அளவுகோலில் இது நன்றாகவே தேறுகிறது. வயிற்றைக் கிழித்துக் காட்டுகிற காட்சி ஒன்று இருப்பதால்தான் ஆச்சியும் சிறுபிள்ளைகளும் வரும் அறைக்கு வேண்டாம் என்கிறேன். விடுதி மாணவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளட்டும்.

இனி தார்க்கோவ்ஸ்கி. இவருடைய இரண்டு படங்களுக்கு நடுவேதான் எனக்கு உண்மையான தடுமாற்றம்.

'ஸ்டாக்கர்' இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. விண்கலம் இல்லை, கருவிகள் இல்லை, வேற்றுக்கிரகத்தார் வந்துபோனதாக ஒரு பேச்சு மட்டும். வேலி போட்ட ஒரு தடைப் பகுதி, அதற்குள்ளே ஓர் அறை. அந்த அறைக்குள் போகிறவரின் உள்மனத்து ஆசை நிறைவேறும். வழிகாட்டி ஒருவன், எழுத்தாளன் ஒருவன், பேராசிரியர் ஒருவர், மூவரும் புல்லிலும் தண்ணீரிலும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். தொடக்கம் மிக மெதுவாக இருக்கிறது என்று சோவியத் அதிகாரிகள் குறைப்பட்டபோது, தவறான படத்துக்கு வந்துவிட்டவர்கள் எழுந்து போக நேரம் வேண்டாமா என்று தார்க்கோவ்ஸ்கி கேட்டதாகச் சொல்வார்கள். முதல் வருடம் எடுத்த ஃபிலிம் கழுவுமிடத்தில் பாழாகி, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்த படம். எஸ்தோனியாவில் தாலின் நகரைச் சுற்றிப் படமாக்கினார்கள். செர்னோபில் விபத்து நடந்தது அதற்கு ஏழு வருடம் கழித்து, ஆனால் இன்று பார்க்கிற யாருக்கும் அது நினைவுக்கு வராமல் இருக்காது. எங்கள் வட்டத்தில் ஒரு மாணவி, வீட்டு மொட்டைமாடியிலிருந்து அணுமின் நிலையம் தெரிகிற கடற்கரை ஊர்க்காரி. கடைசியில் வழிகாட்டி மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நீர்க்கரையோரம் நடக்க, எதிர்க்கரையில் மின்நிலையம் நிற்கிறதே, அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு "இது எங்க ஊருலா" என்றாள்.

அந்த அறை பற்றி ஒரு கதை படத்துக்குள் வருகிறது. வழிகாட்டிக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவன், முள்ளம்பன்றி என்று பட்டப்பெயர், செத்துப்போன தம்பியைத் திருப்பிக் கேட்க அறைக்குப் போனான். திரும்பி வந்ததும் அவனுக்குக் கிடைத்தது தம்பி இல்லை, பணம். வாயால் கேட்டதை அறை கொடுப்பதில்லை. உள்ளே உண்மையில் எதை விரும்புகிறானோ அதைக் கொடுக்கிறது. அவன் தூக்கு மாட்டிக்கொண்டான். நேர்ச்சை நேர்ந்து மொட்டை போட்டு வந்த மனிதர்கள் நிறைந்த நம் ஊரில் இந்தக் கதைக்கு எங்கள் மாடி அறையே உறைந்துபோகும். ஆனால் அது வசனத்தில் வருகிறது. வேகமாகப் பேசி முடித்துவிடுகிறார்கள். சப்டைட்டிலைப் பின்தொடர முடியாதவருக்கு அந்தக் கதை போய்விட்டால், மிச்சமெல்லாம் ஈரமும் துருவும்தான். அந்த ஈரத்தையே ரசிக்கிறவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி. கலந்து வருகிற அறையில் என் கட்சிக்காக மற்றவர்களைப் பிடித்து வைப்பது அநியாயம்.

'சோலாரிஸ்' இன்னும் கொஞ்சம் நீளம், சுமார் 166 நிமிடம். இதற்குக் கான் திரைப்பட விழாவில் 1972-இல் நடுவர்களின் சிறப்புப் பரிசு கிடைத்தது என்பதையெல்லாம் நோட்டீஸில் போட்டுக்கொள்ளலாம். தொடக்கம் பூமியில்தான்: குளம், பாசி, ஒரு குதிரை, திடீர் மழையில் நனைகிற தேநீர்க் கோப்பைகள். பிறகு ஒரு கார் ஐந்து நிமிடம்போல மேம்பாலங்களிலும் சுரங்கப் பாதைகளிலும் போய்க்கொண்டே இருக்கிறது. எதிர்கால நகரம் என்று காட்டுவதற்காக டோக்கியோவில் எடுத்தது. உலகம் முழுக்க இந்தப் படத்தைப் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் இந்தக் காரிலிருந்துதான் இறங்கியிருப்பார்கள். நாயகன் கெல்வின், மனோதத்துவ நிபுணன், விண்வெளி நிலையத்துக்குப் போய்ச்சேரவே முக்கால் மணி நேரம் ஆகிவிடும்.

போன பிறகு நடப்பதுதான் இந்தப் படத்தை நம் பக்கத்துக்கு இழுத்துவருகிறது. நிலையத்துக்குக் கீழே சோலாரிஸ் என்கிற கிரகம்; அதன் கடலுக்கு அறிவு உண்டு. நிலையத்தில் தூங்குகிறவர்களின் மனசுக்குள்ளிருந்து ஆட்களை எடுத்து உருவாக்கி அனுப்புகிறது. பத்து வருடத்துக்கு முன் விஷ ஊசி போட்டுக்கொண்டு செத்த மனைவி ஹரி, கெல்வின் கண்விழிக்கும்போது எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய உடுப்பை அவிழ்க்கப் பார்க்கிறான். முதுகில் நாடா கோத்திருக்கிறது, ஆனால் திறப்பே இல்லை. கத்தரிக்கோலால் வெட்டித்தான் கழற்ற வேண்டியிருக்கிறது. அவனுடைய நினைவில் அந்த உடுப்பு எப்படித் தெரிந்ததோ அப்படியே தைத்து அனுப்பியிருக்கிறது கடல். எங்கே பிரியும் என்பது கடலுக்குத் தெரியாது, கணவனும் கவனித்ததில்லை போலிருக்கிறது. இந்த ஒரு நாடாவைப் பற்றியே எங்கள் வட்டத்துப் பெண்கள் அரை மணி நேரம் பேசினார்கள். ஆண்கள் யாருக்கும் அந்தக் காட்சி நினைவிலேயே இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

கெல்வின் பயந்துபோய் அவளை ஒரு ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். பேரன் லேப்டாப்பில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆச்சி எட்டிப் பார்த்தார். யார் இவள் என்று கேட்டார், பேரன் சொன்னான். "செத்தது தெரியாம வந்து நிக்கா, பாவம். வெரட்டிட்டான்லா? திரும்ப வருவா பாரு" என்றார். வந்தாள். அதே உடுப்பு, அதே சால்வை. முதலில் வந்தவள் விட்டுப்போன சால்வை நாற்காலியில் அப்படியே கிடக்க, இவளுடையதும் அதன்மேல் விழுகிறது. ஆச்சிக்கு ஆச்சரியமே இல்லை. துர்மரணம் அடைந்தவர்கள் போய்விடுவதில்லை என்பது வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவருக்குப் பாலபாடம். பாபநாசம் மலையில் வெட்டுப்பட்டுச் செத்த முத்துப்பட்டன் சொரிமுத்தையனார் கோயிலில் தெய்வமாக நிற்கிறான். தீப்பாய்ந்த பொம்மக்காவும் திம்மக்காவும் கூடவே நிற்கிறார்கள். இசக்கி கதையைத் தெரியாத தெரு நம் சீமையில் உண்டா? விரட்டினால் திரும்ப வருவாள், பீடம் போட்டு உட்காரவைத்தால்தான் அடங்குவாள். மாஸ்கோவில் எடுத்த ஒரு படத்தின் அடுத்த திருப்பத்தை ஆச்சி ஒரு நொடியில் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அதற்காக 'சோலாரிஸ்' பேய்ப்படம் என்று சொல்லி ஆள் சேர்க்கக் கூடாது. அப்படிச் செய்தால் க்ளூனி முகத்தைப் போஸ்டரில் போட்ட கதைதான். இங்கே வந்து நிற்பவளுக்குத் தான் அசல் இல்லை என்று மெல்ல மெல்லத் தெரியவருகிறது. நான் யார் என்று அவளே கேட்கத் தொடங்குகிறாள். கணவனைவிட அவள்தான் மனுஷியாகிக்கொண்டே போகிறாள். கடல் எதற்காக இதையெல்லாம் செய்கிறது? தண்டனையா, பரிசா, விளையாட்டா, பேச முயல்கிறதா? படம் சொல்வதில்லை. லெம் கோபித்துக்கொண்டதும் இதற்காகத்தான்; மனித மூளைக்கு எட்டாத ஒன்றின் முன்னால் அறிவியல் திணறுவதை அவர் எழுதினார், தார்க்கோவ்ஸ்கி வீட்டையும் அப்பாவையும் குற்றவுணர்ச்சியையும் எடுத்துக்கொண்டார். லெம் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் அந்த மாற்றம்தான் எங்கள் அறையைக் காப்பாற்றுகிறது. கடல் புரியாமல் போனவர் கையிலும் புருஷன் பெண்டாட்டி கதை ஒன்று முழுசாக இருக்கும். அண்ணாச்சிகூட, கடல் ஏன் செய்கிறது என்பதற்குக் காரணம் கேட்பாரே தவிர, கெல்வின் ஏன் உடைந்துபோனான் என்று கேட்கமாட்டார்.

திரைக்கும் இது ஒத்துவரும். இதில் பிரம்மாண்டம் குறைவு. காற்றோட்டக் குழாயில் காகிதக் கீற்றுகளை ஒட்டிவைத்து, இரவில் அவை படபடக்கும் சத்தத்தை இலைச் சலசலப்பாக நினைத்துக்கொண்டு தூங்குகிற மனிதர்களைப் பற்றிய படம். சாம்பல் கறுப்பு இதைக் கெடுக்காது. படமே இரண்டு பாகமாகப் பிரிந்திருப்பதால் இடைவேளை எங்கே விடுவது என்ற தலைவலியும் இல்லை.

தலைவலி வசனத்தில் இருக்கிறது. ரஷ்ய மொழிப் படம், நீளமான உரையாடல்கள், ஆங்கில சப்டைட்டில். ஆச்சிக்கு மட்டுமில்லை, அறையில் பாதிப் பேருக்கு அது ஓடிப்பிடிக்கிற வேலை. வழி உண்டு. சப்டைட்டில் கோப்பு என்பது சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் வரிசை எண், நேரம், வசனம் என்று இருக்கும். வசனத்தை மட்டும் தமிழில் மாற்றி யூனிகோடாகச் சேமித்தால் போதும். தமிழ் வரி நீளும், எனவே சொல்லுக்குச் சொல் போகாமல் பாதியாகச் சுருக்க வேண்டும். விண்ணியல் விசாரணைக் காட்சியில் தாராளமாகச் சுருக்கலாம், ஹரி பேசுகிற இடத்தில் ஒரு சொல்லும் குறையக் கூடாது. பென் டிரைவை நேராகப் புரொஜெக்டரில் செருகினால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும் வாய்ப்பு அதிகம். லேப்டாப்பில் வி.எல்.சி. என்கிற வீடியோ மென்பொருள் வழியாக ஓட்டுவதே பத்திரம். முந்தின நாளே அந்தச் சுவரிலேயே ஓட்டிப் பார்த்து, வெள்ளை எழுத்து, படத்தில் வருகிற பனிக்காட்சி ஓவியத்தின் மேல் விழும்போது படிக்க முடிகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். மாஸ்கோவின் மோஸ்ஃபிலிம் ஸ்டுடியோ தன் யூடியூப் சேனலில் இந்தப் படத்தை ஏற்றியிருக்கிறது. தனியாக முன்கூட்டிப் பார்க்க அது போதும். கூட்டம் கூட்டிப் போடுவதற்கு அனுமதியை எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

'லா ஜெதே'யை முன்னால் சேர்த்துப் போடலாமே என்று ஒரு யோசனை வந்தது. ஏறக்குறைய முழுவதும் அசையாத புகைப்படங்களால் ஆன படம். ஒரே ஓர் இடத்தில் ஒரு பெண் கண் விழிக்கிறாள், அந்தக் கணம் மட்டும் படம் அசைகிறது. அதைப் பார்த்து அசராதவரை நான் கண்டதில்லை. இருந்தாலும் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். அதன் முடிவு சாவி போட்டுப் பூட்டினதுபோலச் சரியாக வந்து உட்காரும். அதைக் கேட்ட காது, அடுத்த படத்திலும் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருக்கும். வேறொரு நாள் தனியாகப் போட்டு, பேச்சையும் அன்றே முடித்துக்கொள்ளலாம்.

ஆக, எங்கள் அறைக்கு 'சோலாரிஸ்'. திரும்பத் திரும்ப வருகிற பத்துப் பதினைந்து பேர் நிலைத்த பிறகு 'ஸ்டாக்கர்', ஐப்பசி மழைநாளாகப் பார்த்து. படத்துக்கு முன்னால் நீளமான உரை வேண்டாம்; சொல்ல வேண்டியது இரண்டுதான். கார் ஐந்து நிமிடம் ஓடும், அதற்கு அர்த்தம் தேடி யாரும் சிரமப்பட வேண்டாம். அந்தக் கடல் ஏன் இப்படிச் செய்கிறது என்பதைப் படம் சொல்லப்போவதில்லை. இந்த இரண்டாவது விஷயத்தை முன்கூட்டியே சொன்னால் சுவை போய்விடும் என்று வட்டத்தில் சிலர் எதிர்க்கிறார்கள். போனால் போகட்டும். சொல்லாமல் உட்காரவைத்தால் மூன்று மணி நேரமும் விடைக்காகக் காத்திருப்பார்கள், ஹரியைப் பார்க்கமாட்டார்கள்.

நாலரைக்குத் தொடங்கினால் இடைவேளையும் சேர்த்து ஏழே முக்காலுக்குள் முடியும். அம்பாசமுத்திரம், முக்கூடல் பஸ் ஏற வேண்டியவர்கள் இருப்பதால் பேச்சுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கிடைக்காது. அதில் முதல் பத்து நிமிடம் படம் பிடிக்காதவர்களுக்கு. பிடித்தவர்கள் முதலில் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், தெருமுனை டீக்கடையில்தான் உண்மையைப் பேசுவார்கள்.